அகலக் கதவு

தையல்காரி ரயிலில் ஏறி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ரயில் பிடிக்காது என்றில்லை. தன்னைத் தூக்குவது பிடிக்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுடைய சொந்தக்காரர்கள் ஒருவர் மண்டையிலும் கடைசி வரை ஏறவில்லை.

குழந்தையில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் கொண்டுபோனதிலிருந்து அவளைத் தூக்காத ஆள் பாக்கி இல்லை. அப்பா தூக்கினார், மாமா தூக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார், வழியோடு போனவரும் புண்ணியத்துக்குத் தூக்கினார். தூக்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேசுவதெல்லாம் தங்களுக்குள்தான்; கையில் இருப்பவளோடு பேச மாட்டார்கள். "அந்தப் பக்கம் நீ பிடி", "தலை இடிக்குது பாரு", "மெதுவா, மெதுவா, இப்ப இறக்கு." கடைசித் தடவை ஒரு ரயில் நிலையத்தில் சுமை தூக்குகிறவர் பெட்டி படுக்கையோடு அவளையும் சேர்த்து ஒரே கூலி சொன்னார். அப்பா அதிலும் பேரம் பேசினார். அந்த ஆள் அவளைக் கொண்டுபோய் இருக்கையில் போட்டபோது பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. எதிரில் இருந்த குடும்பம் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மரியாதையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் சொல்லிவிட்டாள்: இனிமேல் யாரும் தன்னைத் தூக்கக் கூடாது, நாற்காலி போகிற இடத்துக்குப் போவாள், போகாத இடம் அவளுக்கு வேண்டாம்.

கோபத்தில் சொல்கிறாள், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். அவள் மசியவில்லை. வெளியூரில் நடந்த அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அப்பாவைத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் போகவில்லை. அவர் உயிரோடு திரும்பவும் இல்லை. அதற்காக அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். சொந்தக்காரர்கள் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தார்கள். "மகாராணி பல்லக்கு இல்லாம வரமாட்டாங்க" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். பல்லக்கையும் நாலு பேர் தூக்கத்தான் வேண்டும் என்பது அந்த அறிவாளிகளுக்குத் தோன்றவில்லை.

சிரிக்காதவன் தம்பி ஒருவன்தான். தச்சு வேலைக்காரன். கையில் உளி பிடிக்கத் தெரிந்ததும் முதலில் செய்த காரியம், வீட்டு வாசல்படியை உடைத்துச் சரிவாக்கியது. அப்புறம் அடுப்பைத் தாழ்த்தினான், அலமாரியை இறக்கினான், குளியலறைக் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினான். எதைச் செய்வதற்கு முன்பும் கேட்பான். "அக்கா, இந்த உயரம் போதுமா? கை எட்டுதா?" அவன் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன பிறகும் அது மாறவில்லை. உலகத்தில் எல்லோரும் செத்துப்போய் இவன் ஒருவன் மிஞ்சினால் போதும் என்று அவள் நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவான்.

அந்த ஊரின் ஓரத்தில் பழைய ரயில் பாதை ஒன்று கிடந்தது. பெரிய ரயில்கள் கைவிட்ட பாதை. அதை ஒரு சங்கம் எடுத்து, நீராவி இஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்து, விடுமுறை நாட்களில் ஓட்டியது. மூன்றே நிலையங்கள். சங்கத்துத் தலைவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் தேன்தான், மூடினால்தான் காரியம் என்னவென்று தெரியும். பழமை நிபுணர் ஒருவரும் இருந்தார். ஆணிகூடப் பழைய ஆணியாக இருக்க வேண்டும் என்பவர். பட்டறை ஆட்கள் அவருக்கு மியூசியம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு பண்ணையில் கோழிக்கூடாக இருந்த பழைய பெட்டி ஒன்று சங்கத்துக்குக் கிடைத்தது. தேக்குமர உடம்பு, உள்ளே ஒரு விரல் கனத்துக்குக் கோழி எச்சம். அதைச் சீர்படுத்தப் பண உதவி கேட்டுப் போன அமைப்பில் ஒரு நிபந்தனை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அதில் பயணம் செய்ய முடிய வேண்டும். அதுவரை சங்கத்தில் ஒருவருக்கும் சக்கர நாற்காலி ஞாபகத்துக்கு வந்ததில்லை. நிபந்தனை வந்ததும் எல்லோருக்கும் நெஞ்சு இளகிவிட்டது.

மரவேலை தம்பிக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலமே ஓடி வந்தான்.

"அக்கா, ஒரு பெட்டி செய்யப்போறேன். நீ நாற்காலியோடவே ஏறலாம். யாரும் உன்னத் தொட வேணாம்."

"காதுல பூ சுத்தாத."

"சத்தியமா. ஒரு கதவ அகலப்படுத்தி லிஃப்ட் வைக்கிறோம். பலகை பிளாட்பாரத்துக்கு இறங்கி வரும். நீ அதுல ஏறிக்கிட்டா கதவு வரைக்கும் தூக்கிட்டுப் போயிடும்."

"தூக்கிட்டா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அது மெஷின்க்கா. மனுசன் இல்ல."

"பட்டன் யார் கையில இருக்கும்?"

"உன் கையில."

அவள் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னா செய்," என்றாள். குரல் உடைந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலையைச் சங்கம் அவளுக்குக் கொடுத்தது. வாரத்தில் பாதி நாள் பட்டறையிலேயே இருந்தாள். கோழி எச்சத்தைச் சுரண்டி முடித்ததும் தேக்கு தன் நிறத்தைக் காட்டியது. அகலக் கதவு வர வேண்டிய இடத்தில் இருந்த தூண்தான் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதை அறுப்பதற்கு முன் இரும்புச் சட்டம் ஒன்றை உள்ளே நுழைத்துக் கூரையை அதன் மேல் உட்காரவைத்தான். பிறகு அந்த இரும்பே தெரியாதபடி தேக்கால் மூடினான். உள்ளே நடைபாதையின் அகலத்தைக் குறிக்க அவளுடைய நாற்காலியைச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தான். அவள் சும்மா இருப்பாளா?

"ஏன்டா, என் கைய எங்க வைக்கிறது? வீட்டுல கழட்டி வச்சுட்டு வரணுமா?"

சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும்போது விரல் முட்டிகள் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழியச் சிரித்துவிட்டு, அவள் கையைச் சக்கரத்தில் வைக்கச் சொல்லி மறுபடி அளந்தான். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி நிற்கிற இடம், அதைத் தரையோடு பூட்டுகிற கொக்கி, பக்கத்தில் துணைக்கு வருகிறவர் உட்கார ஒரு மடக்கு இருக்கை, கழிவறைக்குள் திரும்ப இடம், எல்லாம் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தான். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திட்டினாள், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று உறுத்தியது. ஒரு பக்கம் மட்டும்தான் அகலக் கதவு. எதிர்ப்பக்கம் பழைய குறுகல் கதவும் மரப்படிகளும் அப்படியே இருக்கட்டும் என்று மியூசியம் ஒற்றைக்காலில் நின்றார். படம் எடுக்க ஒரு பக்கமாவது உண்மையான பெட்டியாக இருக்க வேண்டுமாம்.

"அப்ப நான் ஏறுற பக்கம் பொய்ப்பெட்டியா?" என்று அவள் கேட்டாள்.

மியூசியத்துக்கு முகம் சிவந்தது. தலைவர் இடையில் புகுந்தார். "அப்படி இல்லம்மா. நம்ம பாதையில மூணு ஸ்டேஷன்லயும் பிளாட்பாரம் ஒரே பக்கம்தான். அந்தப் பக்கம் கதவு வச்சா போதும். இந்தப் பக்கம் ஜல்லியும் முள்வேலியும்தான், யார் ஏறப்போறாங்க?"

அது உண்மைதான். அவளும் விட்டுவிட்டாள்.

பெட்டி முடிந்ததும் சக்கரங்களைக் கடையவும் பிரேக்கைச் சோதிக்கவும் வெளியூர்ப் பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரி சுற்றிக்கொண்டு பின்பக்க வாசல் வழியாக வந்தது. கிரேன் அதை எடுத்து, வந்த முகமாகவே தண்டவாளத்தில் வைத்துவிட்டுப் போனது. அவள் அன்றைக்கு அங்கே இல்லை. மறுநாள் கிளம்பியவளைத் தம்பி தடுத்தான்.

"இப்ப வராதக்கா. கடைசி பாலிஷ் போடுறோம். தூசி படக்கூடாது. திறப்பு விழாவுக்கு வா, முழுசாப் பாரு."

"நான் என்ன தூசியா?"

அவன் சிரிக்கவில்லை. வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டாள்.

விழாவுக்குத் தனக்கென்று ஒரு உடை தைத்துக்கொண்டாள். கருநீலம். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்குத் தைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. காலையில் தம்பி மனைவி வந்து, "அண்ணி, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அது ஏன் என்று தையல்காரி யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

பிளாட்பாரத்தில் கூட்டம். பேண்டு வாத்தியம், வண்ணக் காகிதம், புகைப்படக்காரர்கள், உதவி தந்த அமைப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். இஞ்சின் புகை விட்டுக்கொண்டு நின்றது. பின்னால் அவளுடைய பெட்டி, தேன் நிறத்தில். அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டே அதன் ஓரமாகப் போனாள். ஒரு கதவு, குறுகல். அடுத்த கதவு, அதுவும் குறுகல். கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். அகலக் கதவைக் காணோம். திறந்திருந்த குறுகல் கதவு வழியே எட்டிப் பார்த்தபோது, பெட்டியின் அந்தப் பக்கத்தில் அது இருந்தது. மடக்கிய லிஃப்ட், மேலே பளபளவென்று சக்கர நாற்காலிச் சின்னம், அதற்கும் அப்பால் முள்வேலி.

முதலில் தம்பிக்காகத்தான் பயந்தாள். பாவம், இவ்வளவு பெரிய தவறு இப்போதுதான் தெரிந்திருக்கும், எங்கே நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறானோ என்று கண்ணால் தேடினாள்.

தலைவர் வந்தார். "வாங்கம்மா, வாங்க! பெட்டிய இறக்குறப்ப முன்பக்கம் பின்பக்கமா மாறிடுச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்ல. எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு."

ஏற்பாடு வந்தது. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள், ஒரே மாதிரி சட்டையில். அவர்கள் நடுவில் ஒரு நாற்காலி. தேக்கு. இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடிகள் வைத்தது.

"பல்லக்குல போற மாதிரி! மகாராணி மாதிரி ஏத்திடுவோம்," என்றார் தலைவர். அவருக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பலமாகச் சொல்லியிருப்பார்.

அவள் அந்த நாற்காலியையே பார்த்தாள். கைப்பிடியின் முனையை உருட்டியிருந்த விதம், மூட்டில் ஆணியே இல்லாமல் பொருத்தியிருந்த விதம். இந்தக் கை யாருடையது என்று ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை. முகத்தருகே கொண்டுவந்து வைத்தார்கள். வார்னிஷ் பளபளத்தது, வாசனையே இல்லை. புது வார்னிஷ் வாசனை போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பது, அந்தப் பட்டறையில் மாதக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு தைத்தவளுக்குத் தெரியாதா?

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் குந்தினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள்.

"அக்கா…"

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. லிஃப்டச் சோதிக்கத் திறந்தேன். அப்பதான் பார்த்தேன். தலைவர்கிட்ட ஓடினேன். கிரேன் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வரும்னுட்டாரு. அழைப்பெல்லாம் கொடுத்தாச்சு, அந்த அம்மாவும் வர்றாங்க, தேதிய மாத்த முடியாதுன்னுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட."

அதைச் சொன்ன மாதிரி இயல்பாக வேறு எதையும் அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் மறைத்தான். மறைத்துவிட்டு, பட்டறையில் உட்கார்ந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போக ஒரு நாற்காலியை இழைத்து இழைத்துச் செய்திருக்கிறான். அதன் உயரத்துக்கு மட்டும் அவளைக் கேட்கவில்லை.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"எனக்காகக்கா. இன்னும் மூணு பெட்டி இருக்கு. இது நல்லபடியா முடிஞ்சாதான் எனக்கு அந்த வேலை. ஒரே ஒரு தடவை. நாலு படிதான்."

"வேணாம்டா."

"இந்தப் பெட்டிக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாதா? நீ ஏறலைன்னா இது என்னத்துக்கு?"

"வேணாம்னு சொல்றேன்ல."

இஞ்சின் ஒரு தடவை ஊதியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அமைப்பின் அம்மாள் தூரத்தில் இருந்து சிரித்தபடி கையை ஆட்டினாள். புகைப்படக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். தம்பி ஒரு தடவை அவர்களைப் பார்த்தான், ஒரு தடவை பெட்டியைப் பார்த்தான். அப்புறம் ஒரு கையை அவள் முழங்காலுக்குக் கீழும் ஒரு கையை முதுகுக்குப் பின்னும் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் அதையும் படம் எடுப்பார்கள். அவன் மார்பில் முகம் அழுந்தியது. மரத்தூளும் வியர்வையும் கலந்த வாசனை. "ஒரே நிமிஷம்க்கா, ஒரே நிமிஷம்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே படி ஏறினான். பின்னால் யாரோ, "அண்ணே, கால் இடிக்குது பாருங்க" என்றார்கள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை யாரோ எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். கூட்டம் கை தட்டியது. வெகுநேரம் தட்டியது. அழுதவர்கள்கூட இருந்தார்கள் என்று மறுநாள் சொன்னார்கள்.

வண்டி புறப்பட்டது. அவளுடைய சக்கர நாற்காலியையும் ஏற்றி, அவளை அதில் உட்காரவைத்து, தரையோடு பூட்டியிருந்தார்கள். கொக்கி சுளுவாக விழுந்தது. ஜன்னல் கண்ணுக்கு நேராக இருந்தது. சக்கரத்தைப் பிடித்தால் விரல் முட்டிகள் எங்கும் உரசவில்லை. ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் செய்திருந்தான் பாவி. குறை இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

அமைப்பின் அம்மாள் பக்கத்து மடக்கு இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மாதிரியான பெண்மணி. "எத்தனை வருஷம் கழிச்சு ரயில்ல போறீங்களாம், சொன்னாங்க. எவ்வளவு சந்தோஷமா இருக்கும் உங்களுக்கு! எப்படி இருக்கு?"

"தம்பி நல்லா செஞ்சிருக்கான்," என்றாள் தையல்காரி.

இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டிருந்த அவனுக்கு அது கேட்டது. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. பெருமூச்சு விட்டு, முகத்தைத் துடைத்து, தேநீர் வாங்கப் போனான். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்து அகலக் கதவைப் பார்த்தபடியே இருந்தாள். அதன் கண்ணாடியில் முள்ளுச்செடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுமை தூக்கியவர் அவளைத் தூக்கினார், அது அவர் தொழில். அப்பா தூக்கினார், அவருக்கு வேறு வழி தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும். எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்கிறவன், வேணாம் என்று அவள் வாயால் சொன்ன பிறகு செய்தான். அவன் கொண்டுவந்த தேநீரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது ஆறிப்போனது.

போய்த் திரும்பி வந்து நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். இளைஞர்கள் இருவரும் அந்தத் தேக்கு நாற்காலியோடு கதவருகே தயாராக நின்றார்கள். தம்பி உள்ளே வந்து கொக்கியைக் கழற்றினான்.

"எப்படிக்கா? அவங்களே தூக்கட்டுமா, இல்ல நானே…"

"தள்ளி நில்லு."

வீட்டில் தினமும் செய்கிற காரியம்தான். நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து உடம்பைத் தரைக்கு இறக்கினாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளங்கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே கதவை நோக்கி நகர்ந்தாள். இத்தனை வருடம் ரயில் ஏறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாலு பேர் பார்க்கத் தரையில் தவழக் கூடாது என்று இருந்தாள். அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு என்பதைத் தம்பி காட்டிக்கொடுத்துவிட்டான். இனி இதில் என்ன வெட்கம்?

"அக்கா, என்ன பண்ற? எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்."

குறுகல் கதவு அவளுக்குப் போதுமான அகலமாக இருந்தது. முதல் படியில் உட்கார்ந்தாள். அடுத்த படி. கருநீல உடையில் கிரீஸ் அப்பியது. எங்கோ ஓர் ஆணி மாட்டி ஓரம் கிழிந்தது. மியூசியம் காப்பாற்றிய பழைய ஆணியாக இருக்கும். பழக்கதோஷத்தில் ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, கூட யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். தலைவர் ஓடி வந்தார்.

"ஐயோ, என்னம்மா இது, ஆளுங்க இருக்காங்களே!"

"இருக்காங்கன்னு தெரியும் சார்," என்றாள், மூச்சு வாங்க. "எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா இப்படியேதான் ஏறியும் இருப்பேன்."

கடைசிப் படியிலிருந்து பிளாட்பாரத் தரைக்கு வந்து உட்கார்ந்தாள். மேலே கதவில் தம்பி நின்றுகொண்டிருந்தான், என்ன செய்வதென்று தெரியாமல்.

"நாற்காலியக் கொண்டா," என்றாள். "அத எவ்வளவு வேணும்னாலும் தூக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் பிடித்து ஏறும்வரை, நகராமல் இருக்கச் சக்கரத்தை மட்டும் பற்றிக்கொண்டு நின்றான். ஏறி உட்கார்ந்து, உடையைச் சரி செய்து, செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளிவாசலுக்குப் போக நீளமான ஏற்றம் ஒன்று இருந்தது. தம்பி, அழுதுகொண்டே, வழக்கம்போல நாற்காலியின் பின்னால் போய்த் தள்ளுகிற கைப்பிடி இரண்டையும் பிடித்தான். அந்தக் கைப்பிடியைத் தொட இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அனுமதி இருந்தது.

அவள் பிரேக்கைப் போட்டாள்.

"உன் பையில ஸ்பேனர் இருக்கா?"

"இருக்கு. ஏன்க்கா?"

"இந்தக் கைப்பிடி ரெண்டையும் கழட்டு."

"அக்கா…"

"கழட்டுடா."

"அது இல்லாம உன்ன எப்படி… மேட்டுல யாரு தள்ளுவா?"

"கழட்டப்போறியா, இல்ல வேற ஆளக் கூப்பிடட்டுமா?"

கூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. தலைவர் அமைப்பின் அம்மாளை விருந்துக்கு அழைத்துக்கொண்டு போனார். தம்பி அவள் பின்னால் மண்டியிட்டு ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டுகள் துருப்பிடித்துப்போயிருந்தன, முனகிக்கொண்டே சுழன்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி கழன்றது. அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கழற்றினான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவள் பிரேக்கை எடுத்துவிட்டு ஏற்றத்தில் சக்கரத்தை உருட்டினாள். பாதி வழியில் மூச்சு முட்டி நின்றாள். நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது. அவன் இரண்டு அடி ஓடி வந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் நின்றான். அவள் மறுபடியும் தள்ள ஆரம்பித்தாள்.